கருவுக்கு நான் போட்ட மார்க்

ஓய்வு பெற்று ஏழு மாதம் கழித்து, போன வாரம் மறுபடியும் என் பழைய லேபுக்குள் போனேன். கடலூரில் நான் வேலை பார்த்த கருத்தரிப்பு மையத்தில் புதிதாக ஒரு இன்குபேட்டர் வாங்கியிருக்கிறார்கள். கருவை வளர்க்கிற பெட்டிதான், ஆனால் உள்ளேயே கேமரா. சில நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் கோத்து சினிமா மாதிரி ஓட்டிக் காட்டுகிறது. லேபில் இருக்கும் பெண்கள் போன் செய்து, "மேடம், நீங்க வந்தே ஆவணும்" என்றார்கள். செம்மண்டலத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். சாப்பிடக்கூட இல்லை.

போய் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் சாயங்காலம் இரண்டு செல்லைப் பார்த்திருக்கிறேன், மறுநாள் காலையில் நாலு செல்லைப் பார்த்திருக்கிறேன். நடுவில் அது எப்படிப் பிரிகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. திரையில் அது ஒரு முறை நெளிந்தது, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியது, இரண்டாகப் போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர்களில் ஒரு பெண் போகிற போக்கில் ஒன்று கேட்டாள். "மேடம், குண்டா இருக்கற லேடீஸோட எம்ப்ரியோ கொஞ்சம் டல்லாதான இருக்கும்? பாத்தாலே தெரிஞ்சிடும்ல?" ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. "அப்புறம் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

என் படிப்பை நாலு வரியில் முடித்துவிடுகிறேன். அண்ணாமலை நகரில் விலங்கியல் படித்தேன். படித்ததும் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. நாலு வருடம் இறால் முட்டையை மைக்ராஸ்கோப்பில் எண்ணினேன். பிறகு சென்னையில் பயிற்சி, அங்கிருந்து கடலூர் மையத்துக்கு. "எறாலுக்கு பார்த்தவ பொம்பளைக்குப் பாக்க வந்துட்டா" என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேலிக்குச் சொன்னாலும் அது உண்மைதான். முட்டையைப் பார்த்தால் குதூகலம் வருகிற புத்தி எனக்கு இறாலிடமிருந்து வந்தது.

எங்கள் லேபுக்கும் ஆபரேஷன் அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அந்தப் பக்கம் டாக்டர் ஊசியால் கருப்பையின் பக்கத்திலிருக்கும் முட்டைப் பையிலிருந்து நீரை உறிஞ்சி, குழாயில் கொடுப்பார். நான் இந்தப் பக்கம் வாங்கி, சூடான தட்டில் ஊற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் தேடுவேன். ரத்தமும் நீருமாக இருக்கும். அதில் கஞ்சியில் விழுந்த ஜவ்வரிசி மாதிரி ஒன்று வழவழவென்று மிதந்து வரும். அதற்குள் முட்டை. "ஒன்னு" என்று ஜன்னலுக்குச் சொல்வேன். "ரெண்டு" என்பேன். அந்த ஒன்று, இரண்டைச் சொல்லும்போது என் குரல் மேலே ஏறும். எத்தனையோ ஆயிரம் முட்டை பார்த்த பிறகும் ஏறியது. ஓய்வு பெறும் நாளன்றும் ஏறியது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரின் முகம் எனக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியும், கணவர் பெயர் தெரியும், எண் தெரியும். தட்டில் எழுதிய பெயரும் தாளில் எழுதிய பெயரும் ஒன்றா என்று இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்போம். அதில் ஒரு நாளும் பிசகியதில்லை. ஆனால் லேபில் இருப்பவளுக்கு ஒரு பெண் என்பவள் ஒரு தாளும் ஒரு தட்டும்தான்.

எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் சரோஜினி. நாங்கள் டாக்டரம்மா என்போம். லேபுக்குள் வருவதற்கு முன் முழங்கை வரை கை கழுவுவார். உள்ளே வந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார், எதையும் தெரியாமல்கூடத் தொட்டுவிடக் கூடாதென்று. "எப்படி இருக்கு?" என்று கேட்கவே மாட்டார். "என்ன பாத்த?" என்றுதான் கேட்பார். நான் "நல்லா இருக்கு டாக்டர்" என்று ஆரம்பித்தால், "நல்லா இருக்குதுன்றது ஒன் அபிப்பிராயம். எத்தன செல்லு? சைஸு சமமா? ஒடஞ்ச துண்டு எவ்ளோ?" என்பார். மூன்றாம் நாள் கருவில் எட்டு செல் இருக்க வேண்டும், சமமாக இருக்க வேண்டும், இடையில் சிதறல் குறைவாக இருக்க வேண்டும். அதைப் பார்த்து நாலிலிருந்து ஒன்று வரை மார்க் போடுவேன். நாலும் மூன்றும் கருப்பையில் வைக்கவோ உறைய வைக்கவோ தகுதி. இரண்டும் ஒன்றும் கழிவு. அந்தக் காலத்தில் எங்கள் வழக்கம் அது. கழிப்பதற்குக் கணவன் மனைவியிடம் முன்பே கையெழுத்து வாங்கியிருப்போம். ஆக, மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு மார்க் இல்லை, ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம்.

எடை விஷயத்தில் டாக்டரம்மா கறார். அதற்குக் காரணம் இருந்தது. எடை ஜாஸ்தியான பெண்ணுக்கு முட்டை வளர்க்கும் ஊசி அதிக அளவில் தேவைப்படும். ஸ்கேனில் முட்டைப் பை தெளிவாகத் தெரியாது. மயக்க மருந்து கொடுப்பவர் பயந்துகொண்டே கொடுப்பார். கரு நின்றாலும் கலைகிற பயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வரிசையாக வரும். "கொறைக்கச் சொல்றது ஒன்னத் திட்டறதுக்கில்லமா. அஞ்சி கிலோ கொறஞ்சாக்கூட ஒனக்கும் நல்லது, வயித்துல வரப்போறதுக்கும் நல்லது" என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்வார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

ஆனால் கருவின் தரம்? அங்கேதான் விஷயம் வழுக்கும். எடை கூடினால் முட்டையும் கருவும் தரம் குறையும் என்று சில கட்டுரைகள் சொல்லும், அப்படி ஒன்றும் இல்லை என்று சில சொல்லும், வயதுதான் பெரிய எமன் என்று எல்லாமே சொல்லும். நான் எல்லாவற்றையும் படித்தேன். படித்ததில் முதல் வகை மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. தங்கியது எனக்கே தெரியவில்லை.

இதற்குமேல் சிஸ்டர் ரோஸ்லினின் ஏற்பாடு ஒன்று. எடை அதிகமான பெண்களின் கோப்பில் ஒரு அடையாளம் இருந்தால் மயக்க மருந்துக்காரருக்கு உதவியாக இருக்கும் என்று டாக்டரம்மா சொல்ல, சிஸ்டர் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்தார். பெரிய சைஸ், நல்ல சிவப்பு. கோப்பின் மூலையில் ஒன்று ஒட்டினார். ஒட்டியதுதான் ஒட்டினோம் என்று லேபுக்கு வரும் தாளிலும் ஒன்று. அவர் கிறிஸ்தவர், நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ளாதவர். "எனக்கு வெக்காத பொட்ட பேப்பருக்கு வெச்சிட்டேன்" என்று அவரே சிரிப்பார். "நிர்மலாக்கா, ஒங்க தாளு வந்தா அதுக்கும் ஒன்னு ஒட்டணும்" என்று என்னைக் கேலி செய்வார். செய்யலாம். நான் எண்பத்திரண்டு கிலோ. இரண்டு பிள்ளையைப் பெற்றவள். இருவரும் யாருடைய மார்க்குக்கும் காத்திருக்காமல் வந்தவர்கள்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை, என்னிடம் இரண்டு பேருடைய கருக்கள் மூன்றாம் நாளுக்கு வந்திருந்தன. ஒருவர் கலைச்செல்வி, இன்னொருவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஒரு தாளில் பொட்டு இருந்தது, ஆசிரியையின் தாளில். அவருக்கு ஐந்து கரு. முதல் கருவுக்கு மூன்று, மீதி நாலுக்கும் இரண்டு என்று எழுதினேன். கலைச்செல்விக்கு மூன்று கரு. நாலு, மூன்று, மூன்று. எழுதி முடித்து நிமிர்ந்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கழிக்க வேண்டிய நாலையும் மறுநாள் கழிக்கலாம் என்று குறித்தும் வைத்தேன்.

டாக்டரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன பாத்த?" சொன்னேன். ஆசிரியையின் தாளைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார்.

"இவுங்க அம்பத்திநாலு கிலோ ஆச்சே. பொட்டு எங்கருந்து வந்துச்சி?"

சிஸ்டரைக் கூப்பிட்டோம். சிஸ்டர் தாளைப் பார்த்தார், மற்ற தாளைப் பார்த்தார். கலைச்செல்வியின் தாளின் மூலையில் வட்டமாகப் பசைத் தடம் மட்டும் இருந்தது. கடலூர்ப் புழுக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு என்ன செய்யும் என்று இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் நெற்றியில் வைத்தது மத்தியானம் துண்டில் இருக்கும், தலையணையில் இருக்கும். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கிளிப் போட்டிருந்தார்கள். பொட்டு இடம் மாறியிருந்தது.

"பேரு மாறல, நம்பரு மாறல. பொட்டு மட்டுந்தான் டாக்டர்" என்றார் சிஸ்டர், நிம்மதியாக. எனக்கு நிம்மதி வரவில்லை. நான் மார்க் போட்டது கருவுக்கா, பொட்டுக்கா? டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் ஒன்றும் திட்டவில்லை. எட்டு கருவையும் படம் எடுத்து அச்சுப் போடச் சொன்னார். பெயர் இருந்த இடத்தில் எல்லாம் தானே வெள்ளை பிளாஸ்திரி ஒட்டினார். சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தார். "இப்ப போடு" என்றார். போட்டேன். பிளாஸ்திரியைப் பிரித்தோம். ஆசிரியையின் கருக்கள் இந்த முறை நாலு, மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. கலைச்செல்வியின் நாலு மூன்றாக இறங்கியிருந்தது, மற்ற இரண்டும் அதே மூன்று. நான் கழிக்கக் குறித்து வைத்திருந்த நாலில் இரண்டு நல்ல கரு.

"நானும் போட்டுப் பாக்கறேன்" என்றார் டாக்டரம்மா. எனக்கு அதிர்ச்சி. கடந்த மாதக் கோப்புகளிலிருந்து படம் எடுத்து, முதலில் பொட்டைப் பார்த்துக்கொண்டே போட்டார், பிறகு மறைத்துப் போட்டார். அவருக்கும் அதே கதை. அரை மார்க், ஒரு மார்க் என்று பொட்டின் பக்கம் சரிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் லேபில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "பாத்ததச் சொல்லு, பாத்ததச் சொல்லுன்னு ஒன்ன உயிர எடுத்தனே. நானே பாக்காததச் சொல்லிக்கினு இருந்திருக்கேன்" என்றார்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என் கண்ணுக்குச் சிவப்பு. ஆனால் வெட்கத்தோடு கூடவே எனக்கு ஒரு வெறியும் பிடித்தது. உண்மையைச் சொல்கிறேன், அது சந்தோஷ வெறிதான். இத்தனை வருடம் தெரியாத ஒன்று தெரிந்துவிட்டதே. அன்று முழுவதும் வேலைக்கு நடுவே பழைய படங்களைப் பிளாஸ்திரி ஒட்டி ஒட்டிப் போட்டுப் பார்த்தேன். எல்லா மார்க்கும் மாறவில்லை. சில கருக்கள் மறைத்துப் பார்த்தாலும் சுமார்தான், எடையுள்ளவருடையதாகவும் இருந்தன, மெலிந்தவருடையதாகவும் இருந்தன. எடைக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு உள்ள வேலையை அது செய்கிறது. அதற்குமேல் நான் என் பங்குக்கு ஒரு மார்க் குறைத்திருக்கிறேன்.

சாயங்காலம் கலைச்செல்வியின் பழைய கோப்பு கைக்கு வந்தது. அவருக்கு இது இரண்டாவது முயற்சி என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், முப்பத்திநாலு வயதில் ஒரு முறை வந்திருந்தார். அப்போது நாலு கரு. இரண்டை வைத்தோம், நிற்கவில்லை. மற்ற இரண்டும் பொட்டு ஒட்டிய தாளில், என் கையெழுத்தில் இரண்டு மார்க், ஒரு மார்க். கழிவு. படத்தைத் தேடி எடுத்தேன். மற்ற பத்துப் படங்களோடு கலந்து, மறைத்து, போட்டேன். ஒரு மார்க் வாங்கியது ஒன்றாகவே இருந்தது. இரண்டு வாங்கியது மூன்றாகிவிட்டது.

திரும்பவும் போட்டேன். மூன்று. ரோஸ்லின் சிஸ்டரிடம் கொடுத்துக் கலைக்கச் சொல்லிப் போட்டேன். மூன்று.

கோப்பின் மீதியையும் படித்தேன். முதல் முயற்சி தோற்ற பிறகு, "எடை குறைத்துவிட்டு வரவும்" என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, மறுபடி தொண்ணூற்றாறு என்று எடை ஏறி இறங்கி இரண்டு வருடம் ஓடியிருந்தது. எடை வந்த வழியே திரும்பி வந்துவிட்டது, வயது திரும்பவில்லை. இந்த முறை ஸ்கேனில் முட்டைகள் பாதிகூட இல்லை. அதனால்தான் எடையைப் பார்க்காமல் உடனே ஆரம்பித்திருக்கிறார்கள். இனி ஒரு முறை முட்டை எடுக்க முடியுமா என்பதே சந்தேகம். ஆக, லேபில் இருக்கும் இந்த மூன்று கருதான் அவருக்கு எல்லாம்.

படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். "சொல்லணும் டாக்டர்" என்றேன்.

"சொல்லணும். கரு வெச்சி ரிசல்ட் வந்தப்புறம் சொல்லலாம். இப்ப டென்ஷன் குடுக்கக் கூடாது."

"ரிசல்ட் இல்லன்னு வந்தா அப்ப எப்படி டாக்டர் சொல்றது? நின்னுட்டா, சந்தோஷத்துல இருக்கற பொம்பள கிட்ட எதுக்குன்னு உட்டுடுவோம். இப்ப சொல்லலன்னா எப்பவும் சொல்ல மாட்டோம்."

நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்த ஜன்னலின் முன் மறுபடியும் உட்கார என்னால் முடியாது என்று தோன்றியது. டாக்டரம்மா படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நாளைக்குக் காலையில வரச் சொல்றேன். நீயும் இரு" என்றார்.

மறுநாள் கணவனும் மனைவியும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறவர்கள். கலைச்செல்வி உயரமான, பெரிய உடம்பு, சிரித்த முகம், கையில் சிஸ்டருக்காகக் கொண்டுவந்த டிபன் கேரியர். கணவர் சேகர் ஒல்லி, அதிகம் பேசாதவர். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்து முகம் ஒன்றை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

டாக்டரம்மா நேராக ஆரம்பித்தார். "கலை, போன தடவ நாலு கரு வந்துச்சி இல்ல? ரெண்டு சரியில்லன்னு சொல்லிட்டோம். அதுல ஒன்ன சரியில்லன்னு சொன்னது தப்புன்னு இப்ப தெரியுது."

"தப்புன்னா?" என்றார் சேகர்.

"மார்க் போட்டது நாந்தாங்க" என்றேன். "எட ஜாஸ்தின்னு தாள்ல ஒரு அடையாளம் இருந்துச்சி. அதப் பாத்துட்டு என் கண்ணு ஒரு மார்க் கொறச்சிடுச்சி. நேத்து மறச்சி வெச்சிப் போட்டேன். வெச்சிருக்க வேண்டிய கரு அது."

கலைச்செல்வியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. போகவும் இல்லை.

"அப்ப அது உசுரோட இருந்துச்சா?"

"செல்லு பிரிஞ்சிக்கினு இருந்துச்சிம்மா. வெச்சிருந்தா நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. நின்னிருக்காதுன்னும் சொல்ல முடியாது."

"மாமா, கேட்டியா?" என்று கணவரிடம் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கலைச்செல்வி எங்களைப் பார்த்துப் பேசினார், சத்தம் போடாமல். "ரெண்டு வருசம் மேடம். விடிஞ்சும் விடியாமலும் யுனிவர்சிட்டி ரோட்டுல நடப்பேன். வந்து எரநூறு பேருக்கு ஆக்குவேன். சாம்பார ருசி பாக்காம எறக்க முடியுமா? ருசி பாத்ததுக்குக்கூட பயந்து துப்பியிருக்கேன். ராவுல ரெண்டு வெள்ளரிக்கா. என் ஒடம்பாலதான் போச்சி, என் வாயாலதான் போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்க மாமியாளும் அதத்தான் சொல்லுச்சி. நீங்களும் இன்னிக்கு வரைக்கும் இல்லன்னு சொல்லலியே."

டாக்டரம்மா, "நான் ஒன்ன அவ்ளோ நாள் காக்க வெச்சிருக்கக் கூடாது கலை. எட கொறையணும்னு சொன்னது சரி. வயச பாக்காம சொன்னது தப்பு" என்றார். அந்த வாயிலிருந்து தப்பு என்ற சொல் ஒரே காலையில் இரண்டு முறை வந்ததை நான் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

கலைச்செல்வி என் பக்கம் திரும்பினார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்க இன்னா எட மேடம்?"

"எம்பத்திரெண்டு."

"கொழந்தைங்க?"

"ரெண்டு."

தலையை ஆட்டிக்கொண்டார். "இப்ப உள்ள இருக்கறதுக்கு நாளைக்கு யாரு மார்க் போடுவாங்க?"

"நானும் டாக்டரம்மாவும். பேர மறச்சி, தனித்தனியா" என்றேன்.

"மறைக்க வேணாம். என் பேர பாருங்க, என் எடைய பாருங்க, என் மூஞ்சியையும் நெனச்சிக்குங்க. அப்படியே பாத்து சரியா போடுங்க."

டிபன் கேரியரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு லேபைத் திறந்தேன். கை கழுவி, தட்டை எடுத்து, பெயரை வாய்விட்டுப் படித்தேன். கலைச்செல்வி, கணவர் சேகர். தொண்ணூற்றாறு கிலோ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உயரமான உடம்பு, சிரித்த முகம். பிறகு குனிந்தேன்.

முதல் கருவின் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. இரண்டாவது மெதுவாக, இன்னும் கட்டிப் பந்தாகத்தான் இருந்தது. மூன்றாவதைப் பார்த்ததும் "சிஸ்டர்" என்று கத்திவிட்டேன். ஊதிய பலூனாக, உள்ளே நீர் நிரம்பி, ஒரு ஓரத்தில் குழந்தையாகப் போகும் செல்கள் கெட்டியாக ஒன்றுகூடி, சுற்றிலும் நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள் நெருக்கமாக. மேலுறையை உடைத்துக்கொண்டு வெளியே வர ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா வந்தார், கையைப் பின்னால் கட்டினார். "என்ன பாத்த?"

பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். "ஆமா" என்றார். 

அன்றே அதை வைத்தோம். மெதுவாக வந்த இரண்டாவதை வழக்கப்படி கழித்திருக்க வேண்டும். டாக்டரம்மா, "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்" என்றார். ஆறாம் நாள் அதுவும் பலூனாகிவிட்டது. உறைய வைத்தோம். அந்த வாரமே லேப் தாளில் பொட்டு ஒழிந்தது. எடை டாக்டரின் கோப்பில் மட்டும் இருக்கும், அங்கே அது இருக்க வேண்டும். எந்தக் கருவையும் ஆறாம் நாள் வரை கழிப்பதில்லை என்றும் முடிவாயிற்று. முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்களை எடைக்காக வருடக்கணக்கில் திருப்பி அனுப்புவதும் நின்றது. அந்த ஆசிரியைக்கும் பிள்ளை பிறந்தது.

கலைச்செல்விக்கு நின்றது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று நான் லேபில் குதித்த குதியில் சிஸ்டர் என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி வைத்தார். ஆனால் டாக்டரம்மா எச்சரித்ததெல்லாம் வந்தது. ஐந்தாம் மாதத்தில் சர்க்கரை, இன்சுலின். எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, ஆஸ்பத்திரியில் படுக்கை. எல்லாரும் பயந்துகொண்டே இருந்தோம். கொஞ்சம் முன்னதாகவே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. திருவந்திபுரத்தில் முடி இறக்கி, மொட்டைத் தலையும் சந்தனமுமாக லேப் வாசலுக்குத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார்கள். உறைய வைத்த இன்னொன்றை மூன்று வருடம் கழித்து வைத்தோம். அது நிற்கவில்லை. அவருக்கு அந்த ஒரு பெண்தான்.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மறுநாள் காலையில் அப்படியே அண்ணாமலை நகருக்குப் போனேன். மெஸ்ஸில் காலைக் கூட்டம். பையன்கள் தட்டோடு நின்றார்கள். கலைச்செல்வி என்னைப் பார்த்ததும், "அக்கா, ஒக்காருங்க மொதல்ல" என்று இலை போட்டார். இப்போது நான் அவருக்கு அக்கா. அவர் எடை இன்னும் அப்படியேதான், விடியற்கால நடையும் அப்படியேதான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ரெட்டைச் சடையும் யூனிபார்முமாக வந்து என் எதிரில் நின்று, இட்லியைப் பொடியில் தோய்த்து வேகவேகமாகத் தின்றுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள். ஓடும்போது ஒரு செருப்பு கழன்றது, திரும்பி வந்து மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் அவளை இரண்டாகவும் நாலாகவும் எட்டாகவும் பார்த்தவள். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

கலைச்செல்வி சாம்பார் வாளியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, அந்த மொத ஒன்னு. அது பொறந்திருந்தா இப்ப எத்தனாவது படிக்கும்?"

"அஞ்சாவது" என்றேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கக்கூட இல்லை. அதை அவர் கவனித்துவிட்டார்.

"நீங்களும் வருசா வருசம் எண்ணிக்கினுதான் இருக்கீங்க" என்றார்.

இன்னும் இரண்டு இட்லியை என் இலையில் வைத்து, மேலே சாம்பாரை ஊற்றிவிட்டு, நின்றுகொண்டிருந்த பையன்களைக் கவனிக்கப் போனார்.